காரில் காயப்போட்ட பனியன்

போன மாதம் தம்பியின் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஒரு விசேஷப் பத்திரிகை கொடுக்கப் போயிருந்தேன். பின்பக்கத்துக் கொட்டகையில் எங்கள் பழைய காரைத் திறந்து போட்டிருந்தார்கள். நத்தை முதுகு போல வளைந்த அந்த இங்கிலீஷ் கார் பல வருஷமாகத் துணிச் சுருள்களுக்கு நடுவே தூசி மூடிக் கிடந்தது. இப்போது அதை ஓட வைத்துக் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டுமென்று தம்பிக்கு ஆசை வந்திருக்கிறது. எல்லாம் ஓடுகிறது, சூட்டுக்காற்று வீசுகிற ஃபேன் மட்டும் சுற்றவில்லை என்றார்கள். ஒரு மெக்கானிக் வண்டிக்குள் தலைகீழாகப் படுத்திருந்தார். இன்னொருவர் முன்னால் பானெட்டில் குனிந்திருந்தார்.

"வருதா?"

"வரலீங்க."

"இப்ப?"

"இப்பவும் வரலீங்க."

தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். "ஏனக்கா, வேகற ஊர்ல நமக்கு எதுக்கு ஹீட்டரு? கழட்டி வீசிட்டு ஏசி வெச்சுக்கலாம்னு சொல்றாங்க" என்றான்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அங்கே டெய்லர்கள், பேக்கிங் பிள்ளைகள், வடக்கத்திப் பையன்கள் என்று எத்தனையோ பேர் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். பத்திரிகையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். தம்பி படித்துக்கொள்ளட்டும்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் ஊர் மண்ணரையில் ஒரே வாசலில் பெரியப்பா குடும்பமும் நாங்களும் இருந்தோம். பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்தினார்கள். கம்பெனி என்றால் நாலைந்து மிஷின்களும் ஓட்டுக் கொட்டகையும்தான். ஊட்டிப் பக்கம் டீ எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பியபோது விற்ற கார் பெரியப்பாவிடம் வந்தது. மலைக் குளிருக்காக அதில் சூட்டுக்காற்று வரும் வசதி இருந்தது. இன்ஜினில் கொதிக்கும் தண்ணீர் குழாய் வழியாக உள்ளே வரும், அதன்மேல் ஒரு சின்ன ஃபேன் சுற்றி அந்தச் சூட்டை ஆட்களின் கால்மேல் வீசும். வாங்கிய புதிதில் பெரியப்பா சித்திரை வெயிலில் அதைத் திறக்கும் குமிழை இழுத்துவிட்டு, காரில் ஏறிய சொந்தக்காரர்களை வேக வைத்து வேடிக்கை பார்ப்பார். மற்றபடி எங்கள் ஊரில் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

அதற்கு வேலை கண்டுபிடித்தவர் அப்பா. ஒரு ஐப்பசியில் மழை விடவே இல்லை. வெளுத்து அலசிய பனியன்களைத் திறந்த காட்டு நிலத்தில் விரித்துக் காய வைப்பதுதான் அப்போது வழக்கம். வானம் திறக்காவிட்டால் துணி காயாது, துணி காயாவிட்டால் சரக்குப் போகாது. மதராஸ் வியாபாரி தந்திமேல் தந்தி அடித்தார். அப்பா காருக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, பனியன்களைத் தொங்கவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, சூட்டுக்காற்றைத் திறந்துவிட்டார். பனியன் காயத்தான் செய்தது. வரிசையாக உள்ளே போட்டு வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா ஒரு கல்யாணத்துக்குப் போக வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, பார்க்காமல் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது வேட்டியில் ஈரம், மீசையில் நூல், தலையெல்லாம் பஞ்சு. வேலைக்கு வந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

அவர்கள் சிரித்ததுதான் வினை. பெரியப்பா ஒரு வார்த்தை சொன்னார், அப்பா ஒரு வார்த்தை சொன்னார். அப்புறம் அதற்கு முன்னால் மனசுக்குள் கிடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தை மாதம் பங்கு பிரித்துக்கொண்டார்கள். கார் பெரியப்பாவுக்கு, மிஷின்கள் அப்பாவுக்கு. வாசலுக்கு நடுவே சுவர் எழும்பியது. மூலையில் சாக்கடைத் தண்ணீர் போவதற்காகக் கொஞ்சம் கல் வைக்காமல் விட்டிருந்தார்கள். ஒரு ஆடு நுழையலாம், அல்லது நான் நுழையலாம்.

அண்ணன் தம்பி பேச்சு நின்றது. ஆனால் கிணறு ஒன்றுதான், வரப்பு ஒன்றுதான், குலதெய்வமும் ஒன்றுதான். பேசாமல் எப்படி நடக்கும்? அதற்குத்தான் நான். எதிரெதிரே நின்றுகொண்டே பெரியப்பா என்னைப் பார்த்து, "அம்மிணி, நாளைக்குக் கெணத்துல மோட்டாரு போடறாங்களான்னு உங்கொப்பனைக் கேளு" என்பார். அப்பா மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டு, "போடறோம்னு சொல்லு கண்ணு" என்பார். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் சொன்ன பிறகுதான் கேட்டதாகக் கணக்கு. எங்கள் பக்கத்தில் பேச்சு முறிந்த வீடுகளில் இப்படி ஒரு பிள்ளை இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார், "நீ பேசறது எறும்புக்குத்தான் கேக்கும்" என்பார். அப்படிப்பட்ட எனக்கு வீட்டில் இந்த வேலை. கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் பெருமையாகவும் இருந்தது. ஒன்று மட்டும் நானாகவே கற்றுக்கொண்டேன். அவர்கள் சேர்த்துச் சொல்கிற குத்தலை வழியிலேயே விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பேன். "அந்த மகராசனுக்கு மனசு வந்தா ஏணியைக் குடுக்கச் சொல்லு" என்று பெரியப்பா சொன்னால், "ஏணி வேணுமாமுங்கப்பா" என்பேன்.

அடுத்த மார்கழியில் ஒரு காலை அம்மாவுக்கு நாள் வருவதற்கு வெகு முன்பாகவே வலி எடுத்துவிட்டது. வெளியே சிணுசிணுவென்று மழை, எலும்பில் ஏறுகிற குளிர். அடுத்த தெருவிலிருந்த நர்சம்மாவைக் கூட்டி வந்தார்கள். அவர் தெற்கேயிருந்து வந்த வேதக்காரர், கிறிஸ்தவர். தம்பி பிறந்தான். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிய முகம். அழவில்லை. ஈரப் பனியனைப் பிழிந்து வைத்தது போல ஒரு மாதிரி நீலமாகச் சுருண்டிருந்தான்.

நர்சம்மா அவனைத் துடைத்து, பஞ்சு வைத்து, கொட்டகையிலிருந்து எடுத்து வந்த பனியன் துணியால் சுற்றி அம்மாவின் நெஞ்சோடு வைத்தார். அப்பாவிடம், "இங்க வச்சிப் பாக்க முடியாது. கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். போற வரைக்கும் பிள்ளைக்குச் சூடு விட்டுறப்பிடாது. இதுக்குச் சூடுதான் மருந்து, கேட்டியளா?" என்றார்.

அப்பா சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க பெரியப்பங்கிட்டப் போயி காரு வேணும்னு சொல்லு சாமி" என்றார். அப்பா என்னைச் சாமி என்று கூப்பிட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

நான் சாக்கடைச் சந்தில் நுழைந்து போனேன். பெரியப்பா ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தார். சொன்னேன். கத்தியை அப்படியே வைத்துவிட்டு, நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வலி கண்டப்பவே சொன்னா வாயி தேஞ்சு போயிருமான்னு கேளு" என்றவர், சட்டையை மாட்டிக்கொண்டு, "வந்துட்டன்னு சொல்லு" என்றார். நான் பின்னதை மட்டும் சொன்னேன். பெரியம்மா தன் கம்பளியையும் வெந்நீர் நிரப்பிய பாட்டிலையும் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

பின்சீட்டில் அம்மாவும் தம்பியும் நர்சம்மாவும். முன்னால் பெரியப்பா ஓட்டினார். முன்சீட்டின் மறு ஓரத்தில் அப்பா. என்னை வீட்டில்தான் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் இரண்டு பேருக்கும் நான் வேண்டியிருந்தது. நடுவில் உட்கார வைத்தார்கள்.

அவிநாசி தாண்டியதும் நர்சம்மா கம்பளிக்குள் கைவிட்டுப் பார்த்தார். "பாட்டில் ஆறிட்டு. கால் ரெண்டும் சில்லுன்னு இருக்கு. ஐயா, இந்த வண்டியில ஏதோ சூடு வரும்னு சொன்னாவளே?" என்றார்.

பெரியப்பா குமிழை இழுத்தார். ஒரு சத்தமும் இல்லை. தட்டினார், மறுபடி இழுத்தார். கால்மேல் ஈரக்காற்றுதான் வந்தது. ரோட்டோரத்தில் ஒரு பஞ்சு மில்லின் கேட்டுக்கு முன்னால் கூரை நீட்டியிருந்தது. காரின் முக்கால்வாசியை அதற்கடியில் நுழைத்து, இன்ஜினை நிறுத்தாமல் இறங்கினார். கோயமுத்தூர் இன்னும் வெகுதூரம். சூடு இல்லாமல் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. நர்சம்மா பிள்ளையின் காலைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார்.

"பீஸ் போயிருக்கான்னு பாத்தாங்களான்னு கேளு" என்றார் அப்பா.

"பாக்கறக்குக் கண்ணிருக்கறவங்க போயிப் பாக்கச் சொல்லு" என்றார் பெரியப்பா.

"உங்களையே பாக்கச் சொல்றாங்கப்பா" என்றேன்.

அப்பா தலையில் கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு பானெட்டைத் திறந்தார். கார் கூரைக்கடியில் முழுசாக அடங்காததால் அவர் நின்ற இடம் மழை. பீஸ் நன்றாக இருந்தது. பெரியப்பா ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே நுழைத்துக்கொண்டார். கால் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டியிருந்தன. அப்பா காரின் மேற்கூரை விளக்கிலிருந்து பல்பைக் கழற்றி, இரண்டு ஒயரை முறுக்கி என் கையில் கொடுத்தார். "ஒரு ஒயரைப் பெரியப்பங்கிட்டக் குடு. இன்னொண்ணை இந்த இரும்புல புடிச்சுக்க. அவரு எங்கெங்க தொடறாரோ அங்கெல்லாம் கரண்டு இருந்தா பல்பு எரியும். எரியுதா எரியலையான்னு எனக்குச் சொல்லு, போதும்."

பெரியப்பா சுவிட்சில் தொட்டார். பல்பு மினுக்கென்று எரிந்தது.

"எரியுதுங்க" என்றேன்.

"என்னங்கறா?" என்று மழைக்குள்ளிருந்து அப்பா கேட்டார்.

"எரியுதுங்க."

"அட, சத்தமாத்தான் சொல்லேன் புள்ள!"

பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "எரியுதுங்கோ!" என்று கத்தினேன். மில் வாட்ச்மேன் பீடியை எடுத்துவிட்டு யாரென்று எட்டிப் பார்த்தார்.

பெரியப்பா அடுத்து ஃபேனுக்குப் போகிற ஒயரைத் தொட்டார். எரிந்தது. கத்தினேன்.

"அப்ப ஃபேன் வரைக்கும் கரண்டு வருது" என்றார் அப்பா. "அங்கிருந்து திரும்பிப் போறதுக்கு வழி இருக்கான்னு பாக்கச் சொல்லு. எர்த்து ஒயரைத் தொடச் சொல்லு."

"எர்த்து ஒயரைத் தொடச் சொல்றாங்க பெரியப்பா."

"எனக்குத் தெரியாதாமா? தொட்டுட்டுத்தான் இருக்கறன்னு சொல்லு." நான் இரும்பில் பிடித்திருந்த ஒயரையும் அவரே வாங்கி, ஒன்றைக் கரண்டு வருகிற இடத்திலும் மற்றதை எர்த்து ஒயரிலும் வைத்தார். பல்பை மட்டும் நான் பிடித்திருந்தேன். அது எரியவில்லை.

"எரியலைங்கோ!"

அந்த எர்த்து ஒயர் இன்ஜின் பக்கம் போய் ஒரு போல்ட்டில் முடிந்திருந்தது. அந்த இடம் மழைத்தண்ணீர் இறங்கித் துருவேறிக் கிடந்தது. அப்பா நட்டைக் கழற்றிவிட்டார். சுரண்டத்தான் எதுவும் இல்லை. நர்சம்மா கண்ணைத் திறந்து, பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். காலையில் தம்பியின் கொடியை வெட்டியது அதுதான். "திருப்பித் தர வேண்டாம், உடைஞ்சாலும் போகட்டும், நல்லாச் சொரண்டுங்க" என்றார். அப்பா இரும்பு பளபளவென்று தெரியும்வரை சுரண்டி மறுபடி முடுக்கினார்.

"எரியுதுங்கோ!"

பெரியப்பா குமிழை இழுத்தார். ம்ம்ம் என்று ஒரு முனகல். அவ்வளவுதான். ஃபேன் சுற்றவில்லை. சட்டென்று அணைத்துவிட்டார். பின்னால் நர்சம்மா, "வெரசாப் பாருங்க ஐயா" என்றார். அவர் குரல் மாறிப்போயிருந்தது.

"சுத்த முடியாம எதுவோ புடிக்குது" என்றார் பெரியப்பா, எனக்கா தனக்கா என்று தெரியாமல். ஃபேனின் மூடியைத் திருகி எடுத்துவிட்டு உள்ளே விரலை விட்டார். விட்ட கை அப்படியே நின்றது. மெதுவாக இழுத்தார். சாம்பல் நிறத்தில் திரித்திரியாக எதுவோ வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பஞ்சும் நூலும் தூசியும் சேர்ந்து கயிறு போல இறுகியிருந்தது. முந்தின வருஷத்துப் பனியன் பஞ்சு. ஃபேன் அன்றைக்கு அதையெல்லாம் வாரி விழுங்கியிருக்கிறது. அதன் பிறகு யாரும் குமிழைத் தொடாததால் யாருக்கும் தெரியவில்லை.

அப்பா பானெட்டை விட்டுவிட்டுக் கதவருகே வந்து பார்த்தார். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. பெரியப்பாவின் கையில் தொங்குவது என்னவென்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. இப்போது பெரியப்பா என்னென்னவோ சொல்வார். அதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?

பெரியப்பா மல்லாந்தபடியே அப்பாவைப் பார்த்தார். சவரம் செய்யாத பாதிக் கன்னத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. மீசையிலும் ஒட்டியிருந்தது.

"ஏண்டா," என்றார், "இன்னுமாடா காயல உன்ற பனியனு?"

நான் கடமையாக அப்பா பக்கம் திரும்பினேன். "பெரியப்பா கேக்கறாங்க, இன்னுமா காயலைன்னு..."

அப்பா என் தலைக்கு மேலேயே பேசினார். "காஞ்சு போச்சுங்கண்ணா." குனிந்து பெரியப்பாவின் விரலைப் பார்த்தார். "கையைக் கிழிச்சுக்காதீங்க. தகரம் கூரா இருக்கும்."

நான் பெரியப்பா பக்கம் திரும்பினேன். "காஞ்சு போச்சாமுங்க. கையை..."

"கேட்டுச்சு அம்மிணி" என்றார் பெரியப்பா. "கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு. டேய், அந்தக் கத்தரியைக் குடு. நூலு அச்சுல சுத்தியிருக்குது."

அப்பா அடுத்த பக்கக் கதவு வழியாக உள்ளே நுழைந்து படுத்தார். இரண்டு தலையும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. "இந்தப் பக்கம் புடி", "இப்படித் திருப்புங்க", "விட்றாத", "விடலீங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் பல்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எரியுதா என்று யாரும் கேட்கவில்லை.

குமிழை இழுத்தார்கள். ஃபேன் ஒரு தரம் இருமிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. முதலில் கருகின நூல் வாடை அடித்தது. நர்சம்மா கண்ணாடியை இறக்கி அதை வெளியே விட்டார். அப்புறம் நல்ல சூடு வந்தது. இஸ்திரி போட்ட துணியை முகத்தில் வைத்தது போல. அம்மாவைத் தம்பியோடும் நர்சம்மாவோடும் முன்சீட்டுக்கு மாற்றினார்கள். நர்சம்மா காற்றைக் கையால் சோதித்துச் சோதித்து, அளவாகக் கம்பளிக்குள் போகும்படி பிடித்துக்கொண்டார். வண்டி சூலூர்ப் பிரிவை நெருங்கும்போது கம்பளிக்குள்ளிருந்து பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. தம்பி அழுதான். அம்மாவும் அழுதாள். பெரியப்பா ஹாரனை எதற்கோ விடாமல் அடித்தார். ரோட்டில் ஒரு மாடுகூட இல்லை.

நானும் அப்பாவும் பின்சீட்டில் இருந்தோம். அப்பா முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு பெரியப்பாவின் காதருகே குனிந்திருந்தார். நூல் விலை, கிணற்று மோட்டார், மதராஸ் வியாபாரி செத்துப்போனது, எல்லாம் பேசினார்கள். நான் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே வந்தேன். 'சொல்லு அம்மிணி' என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் தம்பியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பெரியப்பாவும் அப்பாவும் வராந்தாவில் ஒரே டீயை டம்ளரில் பாதிப்பாதியாக ஊற்றிக் குடித்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். நர்சம்மா வந்து அணைத்துக்கொண்டார். "அழாத மக்கா, உன் தம்பி பிழைச்சிக்கிட்டான்" என்றார்.

நான் தம்பிக்காக அழவில்லை. நடுவில் எதையோ மாற்றிச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அல்லது என் சத்தம் காணாமல் போய்விட்டது, அதனால்தான் இனி இவள் வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அதை நர்சம்மாவிடம் எப்படிச் சொல்வது? அவர் சேலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

தம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் சாக்கடைச் சந்துக்குப் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நிற்பேன். யாராவது கூப்பிடுவார்களா என்று பார்ப்பேன். ஒரு நாள் அப்பா இந்தப் பக்கமும் பெரியப்பா அந்தப் பக்கமுமாக நின்று, கடப்பாரை போட்டுச் சுவரில் கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கிற அளவுக்கு வழி ஆகிவிட்டது. எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. நான் நுழைய அந்தச் சந்தே போதுமானதாக இருந்தது.